உறங்கும் வைரஸ்கள் விழிப்பதேன்?
(மாற்றுச் சிறுநீரகமும் மரபணுக்களும்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

முன்னுரை

நோய் என்பது வெளியிலிருந்து வருவது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். கெட்ட நீரும் கொசுவும் அடுத்தவரின் இருமலும் நோயைக் கொண்டுவருகின்றன என்பதைச் சிறுவயது முதலே படித்து வருகிறோம். இது உண்மைதான். ஆனால் முழு உண்மை அன்று. என்றோ ஒரு நாள் நம் உடலுக்குள் நுழைந்து, சிறிது காலம் தொல்லை கொடுத்துவிட்டோ கொடுக்காமலோ, நம் அணுக்களுக்குள்ளேயே படுத்து உறங்கிவிடும் வைரஸ்களும் உண்டு. அவை பல ஆண்டுகள் உறங்கும். சிலரிடம் வாழ்நாள் முழுவதும் உறங்கும். உடலின் காவல் தளரும்போது விழித்தெழும்.

காவல் தளர்வதற்கு முதுமை, எய்ட்ஸ், புற்றுநோய் மருத்துவம் எனப் பல காரணங்கள் உண்டு. மருத்துவரே வேண்டுமென்று காவலைத் தளர்த்தும் நிலையும் ஒன்று உண்டு. அதுவே சிறுநீரக மாற்று அறுவை மருத்துவம். ஒரே மருத்துவரிடம், ஒரே மருந்தை, ஒரே அளவில் உட்கொள்ளும் இருவரில் ஒருவருக்கு வைரஸ் விழிக்கிறது, மற்றவருக்கு விழிப்பதில்லை. ஏன் இந்த வேறுபாடு? விடையின் ஒரு பகுதி மரபணுக்களில் இருக்கிறது. அதை மாணவ நண்பர்களுக்கு இயன்றவரை எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறக்கம் என்பது யாது?

நாம் அனைவரும் அறிந்த சான்று ஒன்றிலிருந்து தொடங்கலாம். சிறுவயதில் சின்னம்மை வந்து நீங்கியவருக்கு, ஐம்பது அறுபது வயதில் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாகக் கொப்புளங்கள் தோன்றி எரிச்சலும் வலியும் தருவதுண்டு. இதை அக்கி என்கிறோம். நம் ஊர்களில் குயவரிடம் சென்று காவி கொண்டு அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணம் ஒரே வைரஸ்தான். அம்மை இறங்கியபின் அவ்வைரஸ் உடலை விட்டு நீங்குவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. பல்லாண்டுகளுக்குப் பின் விழித்து, அந்த நரம்பு செல்லும் வழியே தோலுக்கு வருகிறது. இதனையே ‘மறுவிழிப்பு’ என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

சிறுநீரக மாற்றுப் பெற்றவர்களிடம் இவ்வாறு விழிக்கும் வைரஸ்களுள் மூன்று முதன்மையானவை. முதலாவது சைட்டோமெகலோ வைரஸ். சுருக்கமாகச் சி.எம்.வி. எனப்படும். சின்னம்மை வைரஸைப் போலவே இதுவும் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சுமார் 2,35,000 காரஇணைகள் கொண்ட பெரிய டி.என்.ஏ.வை உடையது. நம் நாட்டில் வளர்ந்தோரில் பெரும்பாலோருக்கு இது சிறுவயதிலேயே தொற்றிவிடுகிறது. எலும்பு மச்சையில் உள்ள இரத்த மூல அணுக்களிலும், ஒருவகை வெள்ளணுக்களிலும் உறங்குகிறது. இரண்டாவது எப்ஸ்டீன்–பார் வைரஸ். 1964-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இது, பி வகை லிம்ஃபோசைட்டுகளில் தங்குகிறது. மூன்றாவது பி.கே. வைரஸ். இதன் டி.என்.ஏ. ஏறத்தாழ 5,000 காரஇணைகளே கொண்ட சிறு வளையம். இது தங்கும் இடம் சிறுநீரகமும் சிறுநீர்ப் பாதையுமே ஆகும்.

உறங்கும் வைரஸ் என்ன செய்கிறது? நம் டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் மீது நூல்கண்டு போலச் சுற்றப்பட்டிருப்பதை வகுப்பில் படித்திருக்கிறோம். சி.எம்.வி.யின் டி.என்.ஏ.வும் நம் அணுவின் உட்கருவில் அவ்வாறே ஹிஸ்டோன்கள் மீது சுற்றப்பட்டுக் கிடக்கிறது. இறுகச் சுற்றிய நூலைப் படிக்க இயலாது. வைரஸின் மரபணுக்கள் பெரும்பாலும் வாய் மூடியிருக்கின்றன. உடலில் அழற்சி ஏற்பட்டு, டி.என்.எஃப். போன்ற செய்திப் பொருள்கள் சுரந்தால் அந்தச் சுற்று நெகிழ்கிறது. வைரஸின் முதல் மரபணுக்கள் படிக்கப்படுகின்றன; அவற்றின் புரதங்கள் அடுத்த மரபணுக்களைத் திறக்கின்றன. இவ்வாறு உறக்கம் கலைகிறது. இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இத்தகைய சிறு விழிப்புகள் நலமுள்ளவர் உடலிலும் அவ்வப்போது நிகழ்கின்றன. உடனே டி லிம்ஃபோசைட்டுகள் வந்து அடக்கிவிடுவதால் நாம் அறிவதில்லை.

சிறுநீரக மாற்றும் காவல் தளர்வும்

வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று, 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடைபெற்றது. ஜோசப் முரே என்னும் அறுவை மருத்துவர் ரொனால்டு ஹெரிக் என்பவரின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து, அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். ரிச்சர்டு மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். முரே 1990-இல் நோபல் பரிசு பெற்றார். சகோதரர் இருவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர். இருவருக்கும் மரபணுக்கள் ஒன்றே. எனவே ரிச்சர்டின் உடல் அச்சிறுநீரகத்தை அயற்பொருளாகக் கருதவில்லை. சிறுநீரக மாற்றின் முதல் வெற்றியே மரபியலின் வெற்றி எனலாம்.

ஆனால் எல்லோருக்கும் இரட்டையர் இருப்பதில்லை. பிறருடைய சிறுநீரகத்தை உடல் ஏற்க வேண்டுமானால், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் தேவை. இவற்றுள் சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்டது. 1978-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராய் கேன் இதை முதன்முதல் நோயாளிகளிடம் பயன்படுத்தினார். 1984-இல் ஜப்பானிய மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனம் ஒன்றிலிருந்து டாக்ரோலிமஸ் கண்டறியப்பட்டது. இன்று பெரும்பாலோர் உட்கொள்வது இதுவே. இவ்விரண்டும் டி லிம்ஃபோசைட்டுகள் தூண்டப்படுவதைத் தடுக்கின்றன.

இங்குதான் சிக்கல் பிறக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்குவதும் டி லிம்ஃபோசைட்டு. உறங்கும் வைரஸைக் காவல் காப்பதும் டி லிம்ஃபோசைட்டு. வேலிக்காரனை உறங்க வைத்தால் வீட்டு ஆடும் மேயும், வெளி ஆடும் மேயும். மருந்து குறைந்தால் சிறுநீரகம் நிராகரிக்கப்படும். மிகுந்தால் வைரஸ் விழிக்கும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள குறுகிய வரப்பின் மீது நடப்பதே மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் வாழ்க்கை.

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. 1971-ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடைபெற்றது. இந்தியாவில் இத்துறை வேரூன்றியது அதன் பின்னரே. அதே 1971-ஆம் ஆண்டில்தான், லண்டனில் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் சிறுநீரில் புதியதொரு வைரஸ் கண்டறியப்பட்டது. அந்நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டே அதற்குப் பி.கே. வைரஸ் எனப் பெயரிட்டனர்.

விழித்தால் விளைவது என்ன?

சி.எம்.வி. விழித்தால் காய்ச்சல் வரும், வெள்ளணுக்கள் குறையும், குடல், நுரையீரல், கல்லீரல் ஆகியவை பாதிக்கப்படலாம். சிறுநீரகம் நிராகரிக்கப்படும் வாய்ப்பும் கூடும். எப்ஸ்டீன்–பார் வைரஸ் சிலரிடம் லிம்ஃபோசைட்டுகளைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்து புற்றுநோயாக மாற்றிவிடும். பி.கே. வைரஸ் காய்ச்சலும் தராது, வலியும் தராது. சிறுநீரக நுண்குழல்களின் சுவர் அணுக்களில் ஓசையின்றிப் பெருகி, அவற்றை உடைத்து வெளிவரும். முதலில் சிறுநீரிலும் பின் இரத்தத்திலும் தோன்றும். நோயாளி நலமாக இருப்பதாகவே எண்ணுவார். இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்ந்த பின்னரே விழித்துக்கொண்டால், அதற்குள் சிறுநீரகத்தின் ஒரு பகுதி கெட்டிருக்கும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரில் நூற்றுக்கு ஒருவர் முதல் பத்துப் பேர் வரை இவ்வாறு பாதிக்கப்படுகின்றனர்.

சி.எம்.வி.க்கு வால்கேன்சிக்ளோவிர் போன்ற மருந்துகள் உள்ளன. பி.கே. வைரஸைக் கொல்வதற்கென்றே ஏற்கப்பட்ட மருந்து இல்லை. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தின் அளவைச் சற்றுக் குறைத்து, உடலின் காவலரை எழுப்பிவிடுவதே முதன்மையான மருத்துவம். ஆகவேதான் யாருக்கு வைரஸ் விழிக்கும் என்று முன்கூட்டியே அறிவது அவ்வளவு தேவைப்படுகிறது.

மூன்று மரபுத் தொகுதிகள்

மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் உடலில் மூன்று மரபுத் தொகுதிகள் ஒன்றாக வாழ்கின்றன. ஒன்று அவருடையது. மற்றொன்று கொடையாளருடையது, ஏனெனில் சிறுநீரகத்தின் ஒவ்வோர் அணுவும் கொடையாளரின் டி.என்.ஏ.வையே கொண்டுள்ளது. மூன்றாவது வைரஸினுடையது. வைரஸ் விழிப்பதும் விழிக்காததும் இம்மூன்றின் சேர்க்கையைப் பொறுத்தது. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பெறுநரின் மரபணுக்கள்

(அ) எச்.எல்.ஏ. மரபணுக்கள்: நம் 6-ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் எச்.எல்.ஏ. மரபணுக்கள் கூட்டமாக அமைந்துள்ளன. இவை ஆக்கும் புரதங்கள் அணுவின் மேற்பரப்பில் ஒரு தட்டுப் போல நிற்கின்றன. அணுவுக்குள் ஆக்கப்படும் புரதங்களின் சிறு துண்டுகளை இத்தட்டில் ஏந்திக் காட்டுகின்றன. வைரஸின் துண்டு தட்டில் இருந்தால், டி லிம்ஃபோசைட்டு அதைக் கண்டு அந்த அணுவை அழித்துவிடும்.

மனிதரிடையே இத்தட்டுகள் பல்லாயிரம் வடிவங்களில் காணப்படுகின்றன. ஒரு வடிவம் ஒரு வைரஸின் துண்டை நன்றாக ஏந்தும். மற்றொரு வடிவம் ஏந்தாமல் நழுவவிடும். 2019-இல் வெளியான ஆய்வொன்றில், எச்.எல்.ஏ.–பி51 என்னும் வடிவத்தைப் பெற்றவர்களிடம் பி.கே. வைரஸ் தொற்று குறைவாக இருந்தது. ஏ2, பி44, டிஆர்15 ஆகிய வடிவங்களும் காப்பளிப்பதாக அதற்கு முன்பே வேறோர் ஆய்வு தெரிவித்திருந்தது.

டி லிம்ஃபோசைட்டு வைரஸ் துண்டைத் தனியே கண்டுகொள்வதில்லை, தன் உடலுக்குரிய எச்.எல்.ஏ. தட்டில் வைத்துக் காட்டினால் மட்டுமே கண்டுகொள்கிறது என்பதை டோஹெர்ட்டியும் ஜிங்கர்நாகலும் 1974-இல் காட்டினர். இதற்காக 1996-இல் நோபல் பரிசு பெற்றனர். இதை மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பொருத்திப் பாருங்கள். பி.கே. வைரஸ் பெருகுவது கொடையாளரின் அணுக்களில். அங்குள்ள தட்டுகள் கொடையாளருடையவை. காவலரோ பெறுநருடையவர். இருவருக்கும் பொதுவான தட்டுகள் குறைவாக இருந்தால், காவலர் கண்ணில் பகைவன் எளிதில் படுவதில்லை. எச்.எல்.ஏ. பொருத்தம் நிராகரிப்பைத் தவிர்ப்பதற்கு மட்டுமன்றி, வைரஸை அடக்குவதற்கும் உதவக்கூடும் என ஆய்வாளர் கருதுவது இதனாலேயே.

(ஆ) கே.ஐ.ஆர். மரபணுக்கள்: சி.எம்.வி. தந்திரம் மிக்கது. டி லிம்ஃபோசைட்டின் கண்ணில் படாதிருக்க, எச்.எல்.ஏ. தட்டுகள் அணுவின் மேற்பரப்புக்கு வராமலே அழித்துவிடும் புரதங்களை அது ஆக்குகிறது. தட்டே இல்லையெனில் காட்டுவதற்கு ஏது? ஆனால் நம் உடலில் இரண்டாம் காவல் ஒன்று உண்டு. அதுவே இயற்கைக் கொல்லி அணுக்கள். ‘தட்டு இல்லாத வீடு ஐயத்துக்குரியது’ என்பது இவற்றின் விதி. தட்டைக் காணாவிடில் அந்த அணுவைத் தாக்கிவிடும்.

இக்கொல்லி அணுக்களை அடக்கும் ஏற்பிகளும் ஊக்கும் ஏற்பிகளும் உள்ளன. அவற்றுள் ஒரு குடும்பமே கே.ஐ.ஆர்.; அதன் மரபணுக்கள் 19-ஆம் குரோமோசோமில் உள்ளன. இத்தொகுப்பு ‘ஏ’, ‘பி’ என இருவகைப்படும். ‘ஏ’ வகையில் ஊக்கும் மரபணு பெரும்பாலும் ஒன்றே. ‘பி’ வகையில் பல. 2008-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலிருந்து வெளிவந்த ஆய்வு, ஊக்கும் கே.ஐ.ஆர். மரபணுக்கள் மிகுதியாக உடைய சிறுநீரகப் பெறுநர்களிடம் சி.எம்.வி. விழிப்பது குறைவு எனக் காட்டியது. 2013-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு, பி.கே. வைரஸால் சிறுநீரகம் கெட்டவர்களிடம் ஊக்கும் கே.ஐ.ஆர். மரபணுக்கள் குறைந்திருந்ததைத் தெரிவித்தது. இருவேறு வைரஸ்களின் வழியே ஒரே கருத்துக்கு வந்து சேர்வது நம்பிக்கை தருகிறது.

இங்கு மெண்டலின் இரண்டாம் விதியை நினைவுகூர்வது பொருத்தமாகும். எச்.எல்.ஏ. 6-ஆம் குரோமோசோமில், கே.ஐ.ஆர். 19-ஆம் குரோமோசோமில். எனவே இரண்டும் தனித்தனியே பிள்ளைகளுக்குச் செல்கின்றன. உடன்பிறந்தோர் இருவர் எச்.எல்.ஏ.வில் முழுதும் ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பாதி ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. சிறிதும் ஒவ்வாதிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எச்.எல்.ஏ. முழுதும் ஒத்த உடன்பிறந்தோரும் கே.ஐ.ஆர்.இல் வேறுபடலாம். ‘எல்லாம் பொருந்தியதே, பிறகும் ஏன் இப்படி?’ என்று உறவினர் கேட்கும் கேள்விக்கு இது ஒரு விடை.

(இ) இன்டர்ஃபெரான் மரபணுக்கள்: வைரஸ் நுழைந்த அணு தன் அண்டை அணுக்களுக்கு எச்சரிக்கை அனுப்பப் பயன்படுத்தும் பொருளே இன்டர்ஃபெரான். இதன் லாம்டா வகைக்குரிய மரபணுக்களும் 19-ஆம் குரோமோசோமிலேயே உள்ளன. அவற்றின் அருகில் உள்ள ஒரு வேறுபாடு, ஹெபடைடிஸ்–சி நோயாளியிடம் மருந்து பலிப்பதை முன்னறிய உதவும் என 2009-இல் தெரியவந்தது. அதன்பின் உறுப்பு மாற்றுப் பெற்றோரிடமும் ஆராய்ந்தனர். சி.எம்.வி.யைப் பொறுத்தவரை ஓர் ஆய்வு காப்பு என்றதை மற்றோர் ஆய்வு கேடு என்றது. அறிவியலில் இதுவும் இயல்பே.

கொடையாளரின் பங்கு

மாற்றுச் சிறுநீரகம் வெறுங்கையோடு வருவதில்லை. கொடையாளரின் அணுக்களில் உறங்கும் வைரஸையும் உடன் கொண்டுவருகிறது. கொடையாளருக்குச் சி.எம்.வி. இருந்து, பெறுநருக்கு அது முன்பு தொற்றாதிருந்தால், அதுவே பெரும் இடர்நிலை. ஏனெனில் பெறுநரின் காவலர் அப்பகைவனைக் கண்டதேயில்லை. பி.கே. வைரஸும் பெரும்பாலும் கொடையாளரிடமிருந்தே வருகிறது என்பதற்கு 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று நல்ல சான்றாகும். இறந்த ஒருவரின் இரு சிறுநீரகங்களும் இரு வேறு நோயாளிகளுக்குப் பொருத்தப்படுவது வழக்கம். அவ்வாறு ஒரே கொடையாளரிடமிருந்து பெற்ற இணையர் இருவரும் பி.கே. வைரஸ் தொற்றில் ஒத்திருந்ததை அவ்வாய்வு கண்டது. வைரஸ் இரத்தத்தில் நீடித்து நின்றவர்களின் இணைகளில், எச்.எல்.ஏ.–சி7 என்னும் வடிவம் இல்லாதிருந்ததையும் அது குறிப்பிட்டது. இயற்கையே அமைத்துத் தந்த சோதனை என்று இதைச் சொல்லலாம்.

இப்பகுதியை நான் விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் ஓர் அக்கா தன் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்தார். சில மாதங்களில் தம்பியின் இரத்தத்தில் பி.கே. வைரஸ் காணப்பட்டது. மருத்துவர் மருந்தைக் குறைத்தார். அடிக்கடி சோதனைக்கு வரச் சொன்னார். ‘அவள் கொடுத்தது ராசியில்லை’ என்று ஊரில் பேசினார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அந்த அக்கா ஒருநாள் என்னிடம், “ஏம்ப்பா, நீ இதெல்லாம் படிக்கிறியே, எங்கிட்ட இருந்த நோயைத்தான் அவனுக்குக் கொடுத்துட்டேனா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடிப் படித்ததே இக்கட்டுரையாக விரிந்தது.

விடை இதுதான். வைரஸ் அவரிடமிருந்து வந்திருக்கலாம். ஆனால் அது நோயன்று. மனிதரில் மிகப் பெரும்பாலோர் சிறுவயது முதல் அறியாமலே சுமந்து திரியும் ஒன்று. ஊரில் வேறு யார் கொடுத்திருந்தாலும் ஏறத்தாழ அதுவே வந்திருக்கும். விழித்ததற்குக் காரணம் மருந்தின் அளவு, இருவரின் மரபணுக்களின் சேர்க்கை, வைரஸின் இயல்பு ஆகிய பலவும் கூடியதே. கொடுத்த கைக்கு இதில் குற்றமில்லை. அக்கா கொடுத்த சிறுநீரகத்தோடுதான் தம்பி இன்று வேலைக்குச் சென்று வருகிறார்.

வைரஸின் மரபணுக்கள்

வைரஸும் மரபியல் விதிகளுக்கு உட்பட்டதே. அது பெருகும்போது படியெடுப்பில் பிழைகள் நேர்கின்றன. எதிர்ப்பு குறைந்த உடலில் அது மிகுதியாகப் பெருகுவதால், மாற்றங்களும் மிகுதியாகத் தோன்றுகின்றன. அவற்றுள் வைரஸுக்கு உகந்தவை நிலைக்கின்றன. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு ஒரு மனிதனின் சிறுநீரகத்துக்குள்ளேயே நடைபெறுகிறது.

பி.கே. வைரஸின் வளையத்தில், புரதம் எதையும் ஆக்காமல் பிற மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் பகுதி ஒன்று உண்டு. சிறுநீரில் காணப்படும் வைரஸில் இப்பகுதி பெரும்பாலும் பழைய ஒழுங்கிலேயே இருக்கும். சிறுநீரகம் கெட்டவரின் இரத்தத்தில் உள்ள வைரஸில் இப்பகுதி துண்டாகியும் இரட்டித்தும் மாறியிருப்பதை 2008-இல் ஆய்வாளர் கண்டனர். மாறிய வைரஸ் தன் முதல் மரபணுக்களை விரைந்து இயக்கி வேகமாகப் பெருகுகிறது. சி.எம்.வி.யிலோ யூ.எல்.97 என்னும் மரபணு மாறிவிட்டால் மருந்து பலிக்காது போகலாம். கேன்சிக்ளோவிரைச் செயல்படு நிலைக்கு மாற்றும் நொதியை ஆக்குவது இம்மரபணுவே. மாத்திரையை ஒரு நாள் உண்டு ஒரு நாள் விட்டால், இத்தகைய மாற்றுருவங்கள் தலையெடுக்க நாமே வழி செய்தவராவோம்.

மருந்தைச் சிதைக்கும் மரபணு

இதுவரை கண்டவற்றைவிட மருத்துவருக்கு இன்று நேரடியாகப் பயன்படும் மரபணு ஒன்று உண்டு. அது வைரஸோடு நேரடித் தொடர்பு இல்லாதது. 7-ஆம் குரோமோசோமில் உள்ள சி.ஒய்.பி.3ஏ5 என்னும் மரபணுவே அது. குடலிலும் கல்லீரலிலும் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை ஆக்குகிறது. இம்மரபணுவின் இன்ட்ரான் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டால், ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படுவது பிழையாகி நொதி உருவாவதில்லை. ஒரே ஓர் எழுத்து! பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய வடிவத்தைப் பெற்றவர் மருந்தை மெதுவாகச் சிதைப்பார். இயல்பான வடிவம் ஒன்றேனும் உள்ளவர் விரைவாகச் சிதைப்பார். நம் மக்களிடையே இருவகையினரும் உள்ளனர்.

இருவருக்கும் ஒரே அளவு மாத்திரை கொடுத்தால், மெதுவாகச் சிதைப்பவரின் இரத்தத்தில் மருந்து தேங்கி, காவல் மிகத் தளர்ந்து, வைரஸ் விழிக்க வழி பிறக்கும். விரைவாகச் சிதைப்பவருக்கு மருந்து போதாமல் நிராகரிப்பு நேரும். விரைவாகச் சிதைப்பவருக்குத் தொடக்க அளவை ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை உயர்த்தலாம் என 2015-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. மரபணுச் சோதனை செய்யாத இடங்களிலும், மாத்திரை உண்பதற்கு முன் இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவைச் சோதித்து அதற்கேற்ப மாற்றுகின்றனர். ஒருவர் நான்கு மாத்திரையும் மற்றவர் இரண்டும் உண்பதைக் கண்டு, ‘அவருக்கு மட்டும் ஏன் குறைவு?’ என்று ஒப்பிட்டு நாமே அளவை மாற்றிக்கொள்வது எவ்வளவு கேடானது என்பது இதனால் விளங்கும்.

மரபணு விதியாகுமா?

மேலே கூறியவற்றைக் கொண்டு, மரபணுவே தலையெழுத்து என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பெரும்பாலான ஆய்வுகள் சில நூறு நோயாளிகளிடமே செய்யப்பட்டவை. ஓரிடத்தில் கண்டது மற்றோரிடத்தில் காணப்படாததும் உண்டு. மேலும் ஒவ்வொரு மரபணுவும் தராசில் ஒரு சிறு எடைக்கல் மட்டுமே. மருந்தின் அளவு, வயது, கொடையாளர்–பெறுநர் இருவரின் முந்திய தொற்று நிலை ஆகியவை அவற்றைவிடப் பெரிய எடைக்கற்கள்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. இவ்வாய்வுகளுள் மிகுதியானவை ஐரோப்பியரிடமும் அமெரிக்கரிடமும் நடத்தப்பட்டவை. எச்.எல்.ஏ. வடிவங்கள் எந்த விகிதத்தில் காணப்படும் என்பது மக்களினத்துக்கு மக்களினம் மாறுபடும். அவர்களிடம் அரிதானது நம்மிடம் மிகுதியாகவும், மிகுதியானது அரிதாகவும் இருக்கலாம். அவர்கள் அளந்த படியைக் கொண்டு நம் நெல்லை அளந்துவிட முடியாது. நம் மருத்துவமனைகளில், நம் மக்களிடம் செய்யப்படும் ஆய்வுகள் பெருக வேண்டும். அதற்கு மருத்துவர் மட்டும் போதார். மரபியலும் நுண்ணுயிரியலும் புள்ளியியலும் கற்றவர்கள் தேவை. நம் கல்லூரியிலிருந்து செல்பவர்களும் அவ்வரிசையில் நிற்கலாம்.

முடிவுரை

மாற்றுச் சிறுநீரகம் என்பது ஒருமுறை பொருத்திவிட்டு மறந்துவிடும் பொருளன்று. உறங்கும் வைரஸை முற்றிலும் ஒழிக்க இன்று வழியில்லை; விழிக்கும் வேளையை முன்னறிந்து அடக்க வழியுண்டு. இரத்தத்தில் பி.கே. வைரஸின் அளவைப் பி.சி.ஆர். முறையில் முதல் ஒன்பது மாதங்கள் மாதந்தோறும், பின் இரண்டாண்டுகள் நிறையும்வரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்று 2024-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது. ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, பேருந்துச் செலவு எதற்கு?’ என்று சோதனையைத் தள்ளிப்போடுவோர் நம்மிடையே பலர். ஓசையின்றி வரும் பகைவனை நம் உடம்பின் நலத்தைக் கொண்டு அறிய இயலாது. சோதனைக் குழாய்தான் அறியும்.

மரபணுவை மாற்றிக்கொள்ள நம்மால் இயலாது. மருந்தை வேளை தவறாமல் உண்பதும், அளவை நாமே மாற்றாதிருப்பதும், சோதனை நாளைத் தவறவிடாதிருப்பதும் நம்மால் இயலும். சிறுநீரகம் பெற்றவர் நம் குடும்பத்திலோ தெருவிலோ இருப்பின், இதை அவருக்கு நம் தமிழில் விளங்கச் சொல்வது படித்த நம் கடமையாகும்.